கொலை வழக்கில் ஜூரியாக உட்கார வேண்டி வந்தால்: கடிதம் வந்த நாளிலிருந்து தீர்ப்புக்குப் பிந்தைய மாதங்கள் வரை

ஜூரி (வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) சேவைக்கான கடிதம் வந்தபோது எனக்கு இருந்த கவலை எல்லாம் சம்பளமும் பார்க்கிங்கும்தான். அப்புறம் ஐந்து வாரம் ஒரு கொலை வழக்கில் உட்கார்ந்தேன். வழக்கு முடிந்த பிறகு ஏழு மாதம் ஒழுங்காகத் தூங்கவில்லை. யாரிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று சரியாகத் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் அந்த ஏழு மாதத்தை அவ்வளவு நீளமாக்கியது. முதலிலேயே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

இதில் உள்ளவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் ஜூரியில் 15 பேர், விதிகளும் வேறு. என் வழக்கு எந்த ஊரில் நடந்தது, என்ன தீர்ப்பு வந்தது என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை.

1. கடிதம் வந்ததும்: 7 நாள்

வாக்காளர் பட்டியலிலிருந்து கணினி பெயர்களைப் பொறுக்கி எடுக்கிறது. "எனக்கு இந்திய பாஸ்போர்ட்தானே, நமக்கு வராது" என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். வரும். இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் வாக்காளர் பட்டியலில் இருப்பார்கள். வயது 18 முதல் 75 வரை, 13 வயதுக்குப் பிறகு குறைந்தது ஐந்து ஆண்டு தொடர்ந்து இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அடிப்படைத் தகுதி.

கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும், ஆன்லைனிலேயே அனுப்பலாம். பேசாமல் இருந்துவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். தேதி ஒத்துவராவிட்டால் ஒரே ஒரு முறை தள்ளிப்போடலாம், அதுவும் அடுத்த 12 மாதத்துக்குள். ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தால் பதிவு விவரத்தோடு இப்போதே எழுதுங்கள்.

என்ன வழக்கு என்று கடிதத்தில் இருக்காது. "சாதாரணமாக 10 வேலை நாள்" என்று போட்டிருக்கும். அதை நம்பி 11ஆம் நாளுக்கு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கொலை வழக்கு 10 நாளில் முடிந்தால் அது சின்ன வழக்கு.

2. வேலையும் பணமும்

முதலாளி உங்களுக்கு நேரம் தந்தே ஆக வேண்டும், ஆனால் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உங்கள் கம்பெனி தருமா, எத்தனை நாளுக்குத் தரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். என் அலுவலகத்தில் முதல் பத்து நாளுக்கு முழுச் சம்பளம் வந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த வரி ஒப்பந்தத்தில் எங்கேயோ மூலையில் இருந்தது. மூன்றாவது வாரம்தான் தெரிந்தது.

சம்பளம் வராவிட்டால், கடிதத்தோடு வரும் வருமான இழப்புப் படிவத்தை முதலாளியிடம் கொடுத்து நிரப்பி வாங்குங்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் வரிக் கணக்கு போன்ற ஆதாரம் காட்ட வேண்டும். நான் இருந்தபோது, நாலு மணி நேரத்துக்கு மேல் நீதிமன்றத்தில் இருந்த நாளுக்கு முதல் 10 நாள் வரை 64.95 பவுண்டு, அதற்குப் பிறகு 129.91 பவுண்டு என்பதுதான் உச்சவரம்பு. சாப்பாட்டுக்கு நாளுக்கு 5.71 பவுண்டு. பஸ், ரயில் கட்டணமும் குழந்தைப் பராமரிப்புச் செலவும் கேட்கலாம். தொகை மாறியிருக்கலாம், உங்கள் கடிதத்தோடு வரும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட், ரசீது எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

வழக்கு நீளும் என்று தெரிந்தால், முடியும்வரை காத்திருக்காமல் இடையிலேயே பணம் தருவார்களா என்று கேளுங்கள். அப்படி ஒரு வழி இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். காசுக் கவலையும் சேர்ந்துகொண்டால் இந்த வேலை தாங்காது.

3. வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்

வழக்கு நடக்கும்போது அதைப் பற்றி மனைவி, கணவன், அம்மா யாரிடமும் பேசக் கூடாது. இது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பேசாமல் இருப்பது வீட்டில் எப்படித் தெரியும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. இரண்டாவது வாரம் என் மனைவி, நான் அவள்மேல் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். சென்னையிலிருந்து அம்மா போன் செய்து "ஏண்டா குரலே சரியில்லை" என்று கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

ஆகவே தொடங்குவதற்கு முன்பே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள். நாங்கள் பிறகு வைத்துக்கொண்டது இது: "இன்னைக்குக் கஷ்டமான நாள். உன்னால இல்ல. எதுவும் கேட்காதே, கூட உட்காரு." வழக்கைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. உங்கள் மனநிலையைச் சொல்வதை யாரும் தடுக்கவில்லை, வழக்கைச் சொல்வதைத்தான் தடுத்திருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், கடைசிவரை உதவும்.

4. முதல் நாள்

அழைப்புக் கடிதம், அடையாள ஆவணம் இரண்டும் வேண்டும். பாஸ்போர்ட், புகைப்படம் உள்ள ஓட்டுநர் உரிமம், அல்லது உள்துறை அமைச்சகம் தந்த குடியேற்ற ஆவணம். வாசலில் விமான நிலையம் மாதிரிச் சோதனை இருக்கும். டிபன் பாக்ஸில் கத்தி, கண்ணாடி பாட்டில் வேண்டாம். ஒரு புத்தகம், சார்ஜர், ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். முதல் நாள் பெரும்பாலும் காத்திருப்புதான்.

நீளமான வழக்கு என்றால், இத்தனை வாரம் இருக்க முடியுமா என்று கேட்பார்கள். ஆபரேஷன் தேதி, கட்டிய டிக்கெட், வீட்டில் வேறு யாரும் பார்த்துக்கொள்ள முடியாத நோயாளி என்று எது இருந்தாலும் அப்போதே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிட்டால் பிறகு வழி அடைபட்டுவிடும்.

அப்புறம் குலுக்கலில் பெயர் கூப்பிட்டு 12 பேரை உட்காரவைப்பார்கள். சாட்சிகள் பெயர், இடங்களின் பெயர் எல்லாம் வாசிப்பார்கள், யாரையாவது தெரியுமா என்று பார்ப்பதற்கு. கொலை என்ற சொல்லை அங்கேதான் முதல்முறையாகக் கேட்பீர்கள்.

5. சத்தியம் எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டியது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். உங்கள் குடும்பத்தில் யாரையாவது வன்முறையில் பறிகொடுத்திருக்கிறீர்களா? ஊரில் போரைப் பார்த்துவிட்டு வந்தவரா? உடல்களைப் பார்த்த நினைவு இன்னும் இரவில் வருகிறதா? ஏற்கெனவே மனநலச் சிகிச்சையில் இருக்கிறீர்களா? அப்படியென்றால் சத்தியம் எடுப்பதற்கு முன்பே அஷரிடம் (ஜூரியைக் கவனித்துக்கொள்ளும் நீதிமன்ற ஊழியர்), "நீதிபதிக்கு ஒரு குறிப்பு தர வேண்டும்" என்று சொல்லுங்கள். நாலு வரி எழுதினால் போதும். விலக்குவதா இல்லையா என்று நீதிபதி முடிவு செய்வார். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆங்கிலம் பின்தொடரக் கஷ்டமாக இருந்தாலும் இதே வழிதான். ஜூரிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தர மாட்டார்கள்.

எங்கள் வரிசையில் இருந்த ஒருவர் அப்படிக் குறிப்பு கொடுத்தார். நீதிபதி வாசித்தார், நன்றி சொன்னார், அவரை அனுப்பிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சத்தியத்தைக் கீதை, குர்ஆன், பைபிள் என்று உங்கள் நூலின் மேல் எடுக்கலாம். எந்த நூலும் இல்லாமல் உறுதிமொழியாகவும் சொல்லலாம்.

6. சாட்சியம் கேட்கும் வாரங்கள்

நீதிமன்றம் பொதுவாகக் காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 4 அல்லது 4.30க்கு முடியும். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. சட்ட விவாதம் வந்தால் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், சில நாள் பாதி நேரம் ஜூரி அறையிலேயே போகும்.

படங்களைப் பற்றி எல்லாரும் பயப்படுவார்கள். உண்மையில் கொஞ்சம் கவனமாகவே காட்டுகிறார்கள். காயங்களுக்குப் பல நேரம் புகைப்படத்துக்குப் பதிலாகக் கணினியில் வரைந்த உடல் படத்தில் குறி வைத்துக் காட்டுவார்கள். மோசமான சாட்சியம் வரும் முன் எச்சரிப்பார்கள். நானும் படங்களுக்காகத்தான் மனதைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

என்னைப் பிடித்துக்கொண்டது ஒலி. அவசர உதவி எண்ணான 999க்கு வந்த அழைப்பைப் போட்டுக் காட்டினார்கள். அழைத்தவரின் அழுகை. அதற்கு மேலே, கொஞ்சமும் பதறாமல், நெஞ்சை அமுக்கச் சொல்லி எண்ணிக்கொடுக்கும், அழைப்பை எடுத்த பெண்ணின் குரல்: ஒன், டூ, த்ரீ, ஃபோர். ஒன், டூ, த்ரீ, ஃபோர். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த எண்ணிக்கை நிற்கவே இல்லை. அது முடிந்ததும் நீதிபதி பத்து நிமிஷ இடைவேளை விட்டார். ஜூரி அறையில் யாரும் கெட்டிலைக்கூடப் போடவில்லை. நாலு மாதம் கழித்து மகளின் நீச்சல் வகுப்பில் டீச்சர் அதே தாளத்தில் எண்ணினாள். என் உள்ளங்கை வியர்த்துப்போய், எழுந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டேன்.

இதை எழுதுவது பயமுறுத்த இல்லை. எது ஒட்டிக்கொள்ளும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் இவற்றைச் செய்யுங்கள்:

- இடைவேளை வேண்டுமென்றால் கையைத் தூக்கலாம், அஷரிடம் குறிப்புக் கொடுக்கலாம். நான் மூன்றாவது வாரம்தான் துணிந்தேன். நீதிபதி உடனே நிறுத்தினார்.
- குறிப்பு எடுங்கள். கை எழுதிக்கொண்டிருந்தால் மனம் கொஞ்சம் விலகி நிற்கும். குறிப்புப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.
- பொதுமக்கள் பகுதியைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். இறந்தவரின் அம்மா ஒரு பக்கம், குற்றம் சாட்டப்பட்டவரின் அம்மா இன்னொரு பக்கம் இருப்பார்கள். சாட்சிக் கூண்டில் கண்ணை வையுங்கள்.
- மதியம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள், மழை பெய்தாலும்.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது: கூகுள். ராத்திரி தூக்கம் வராதபோது பெயரைத் தட்டிப் பார்க்கலாமா என்று கை போகும். சம்பவம் நடந்த தெருவை வரைபடத்தில் பார்க்கலாமா என்றும் தோன்றும். கூடாது. இது குற்றம், 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வழக்கும் கலைந்துபோகலாம், அந்தக் குடும்பங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடியும் கேட்க வேண்டி வரும். நான் அந்த ஐந்து வாரமும் போனைச் சமையலறையில் வைத்துவிட்டுத் தூங்கப்போனேன்.

7. மாலை நேரம்

நீதிமன்றத்திலிருந்து நேராக வீட்டுக்குள் நுழையாதீர்கள். நான் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்து வந்தேன். வந்ததும் குளியல், அப்புறம்தான் பேச்சு. குடிப்பழக்கம் உள்ளவர்கள் இந்த வாரங்களில் அளவைக் கவனியுங்கள். அலுவலக மெயிலை ராத்திரி உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று நானும் செய்தேன். நாலாவது நாளே சாட்சியத்தில் கவனம் சிதறியது. அதை நிறுத்திவிட்டு மேனேஜரிடம் முடியாது என்று சொன்னேன். ஒருவரின் வாழ்க்கை உங்கள் கவனத்தை நம்பி நிற்கிறது.

8. முடிவெடுக்கும் அறை

எங்கள் அறையில் என்ன பேசினோம், யார் என்ன சொன்னார் என்பதை நான் எழுத மாட்டேன், எழுதவும் கூடாது. நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

போகும் முன் நீதிபதி சட்டத்தை விளக்குவார். பெரும்பாலும் எழுத்திலும் தருவார்கள், படிப்படியான கேள்விகளோடு. கொலை என்றால் கொல்லும் நோக்கமோ மிகக் கடுமையான காயம் ஏற்படுத்தும் நோக்கமோ இருந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் கொலைக்குக் குறைந்த குற்றமா என்ற கேள்வி வரும். குற்றவாளி என்று சொல்ல, நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டே போங்கள், மனம் அலைபாயும்போது அதுதான் கைப்பிடி.

போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புவார்கள், ஆனால் அறைக்கு வெளியே உங்களுக்குள்கூட வழக்கைப் பேசக் கூடாது. முதலில் 12 பேரும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரம் போன பிறகு, பொருத்தம் என்று பட்டால் நீதிபதி 11-1 அல்லது 10-2 என்ற பெரும்பான்மையை ஏற்பதாகச் சொல்லலாம். நீண்ட வழக்கில் அதற்கு நாள்கணக்கும் ஆகலாம். நீதிபதிக்குக் குறிப்பு அனுப்பலாம், அதில் யார் எந்தப் பக்கம், எத்தனை பேர் என்று மட்டும் எழுதாதீர்கள்.

யாராவது மிரட்டினாலோ, ஒருவர் இணையத்தில் தேடியதாகச் சொன்னாலோ, தீர்ப்புக்கு முன்பே நீதிபதிக்கு எழுதுங்கள்.

9. தீர்ப்பு நாள்

ஃபோர்மேன்தான் (ஜூரி சார்பில் பேசுபவர்) எழுந்து சொல்வார், மற்றவர்கள் உட்கார்ந்திருக்கலாம். ஒரு சொல்லோ இரண்டு சொல்லோதான். அதன் பிறகு வரும் சத்தத்துக்குத் தயாராக இருங்கள். எந்தத் தீர்ப்பு வந்தாலும் ஒரு குடும்பம் உடையும்.

கொலைக்குத் தண்டனை ஆயுள்தான், அதில் நீதிபதிக்கே வேறு வழி இல்லை. குறைந்தபட்சம் எத்தனை ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பார், பல நேரம் வேறொரு நாளில். ஜூரிக்கு அதில் பங்கில்லை. "நான் ஒருவனை உள்ளே தள்ளிவிட்டேன்" என்று ராத்திரி தோன்றும்போது இதை நினைவில் வையுங்கள்: உங்களிடம் கேட்டது ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொன்னீர்கள். தண்டனை அறிவிக்கும் நாளில் நீங்களும் போய்ப் பார்க்கலாம். நான் போனேன், எனக்கு அது நல்லதாகப் பட்டது.

தீர்ப்பு வந்த அன்று தனியாக வண்டி ஓட்டி வீட்டுக்குப் போகாதீர்கள். யாரையாவது வரச்சொல்லுங்கள். மறுநாள் வேலைக்கும் போகாதீர்கள். நான் போனேன், ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டை மதியம்வரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு சரியில்லை என்றால் முதல் 7 நாளுக்கு டாக்டர் சான்றிதழ் தேவையில்லை, நீங்களே எழுதிக்கொடுக்கலாம். மனசு சரியில்லாததும் உடம்பு சரியில்லாததுதான்.

10. அதற்குப் பிறகு: எதைப் பேசலாம்

நான் தவறாகப் புரிந்துகொண்டது இங்கேதான். "வாழ்நாள் முழுவதும் எதையும் பேசக் கூடாது" என்று நினைத்து, டாக்டரிடம்கூடப் போகவில்லை. சட்டம் சொல்வது வேறு. முடிவெடுக்கும் அறையில் நடந்த பேச்சு, கருத்து, வாக்கு ஆகியவற்றை யாரிடமும், எப்போதும் சொல்லக் கூடாது. வழக்கு முடிந்த பிறகு, எல்லார் முன்னாலும் நீதிமன்றத்தில் நடந்ததைப் பேசலாம். உங்களுக்கு என்ன ஆகிறது என்பதை என்றைக்கும் பேசலாம்.

டொரன்டோவில் இருக்கும் சொந்தக்காரர் "இங்கே டாக்டரிடம் எல்லாம் சொல்லலாமே" என்பார். அது கனடாவில். அங்கே 2022இல் சட்டத்தைத் திருத்தி, மருத்துவ, மனநல நிபுணரிடம் அறைக்குள் நடந்ததையும் பேச அனுமதித்தார்கள். இங்கிலாந்தில் அந்த விலக்கு இல்லை. ஆகவே ஆலோசகரிடம் முதல் நாளே, "அறைக்குள் நடந்ததைச் சொல்ல மாட்டேன், மற்றது எல்லாம் சொல்வேன்" என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அந்த எண்ணிக்கைக் குரலைப் பற்றிப் பேச அறைக்குள் போகவே தேவைப்படவில்லை.

முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும், காட்சிகள் வருவதும், கூட்டத்தில் எரிச்சல் வருவதும் பலருக்கு வரும், தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால், அல்லது அதற்கு முன்பே வேலை, வீடு பாதித்தால், காத்திருக்காதீர்கள்:

- ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) போய் "கொலை வழக்கில் ஜூரியாக இருந்தேன்" என்றே தொடங்குங்கள். வெறுமனே "தூக்கம் வரவில்லை" என்றால் தூக்கத்துக்கு மட்டும்தான் ஆலோசனை கிடைக்கும். எனக்கு முதல் முறை அதுதான் நடந்தது.
- இங்கிலாந்தில் என்.எச்.எஸ் (அரசு மருத்துவச் சேவை) தரும் டாக்கிங் தெரபிஸ் என்ற பேச்சுச் சிகிச்சைச் சேவைக்கு ஜி.பி. இல்லாமலே நீங்களே பதிவு செய்யலாம். இலவசம். தமிழில் பேச வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். காத்திருப்பு இருக்கும், அதனால் சீக்கிரம் பெயரைப் போட்டுவையுங்கள்.
- அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சை பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வு. எனக்கு ஒன்பது.
- ராத்திரி தாங்கமுடியாவிட்டால் சமாரிட்டன்ஸ் என்ற உதவித் தொலைபேசி, 116 123. எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றினால் என்.எச்.எஸ் எண்ணான 111க்கு அழைத்து மனநல உதவியைத் தேர்ந்தெடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999.
- உங்கள் நீதிமன்றத்தில் ஜூரிகளுக்கென்று ஆலோசனை வசதி இருக்கிறதா என்று ஜூரி அலுவலகத்தில் கேளுங்கள், கடைசி நாள் கிளம்புவதற்கு முன்பே.

உடன் இருந்த இருவரோடு எனக்கு இன்னும் தொடர்பு இருக்கிறது. சில மாதத்துக்கு ஒரு முறை டீ குடிக்கிறோம். வழக்கைப் பேசுவதில்லை. "தூங்குகிறாயா?" என்று கேட்டுக்கொள்வோம். கடைசி நாள் எண்களை வாங்கிவைக்கத் தயங்காதீர்கள், வீட்டில் எவ்வளவு அன்பு இருந்தாலும் அந்தக் கேள்வியை அதே அர்த்தத்தில் கேட்க அவர்களால்தான் முடியும்.

செய்திகளின் கீழே வரும் கருத்துகளைப் படிக்காதீர்கள். நீங்கள் கேட்ட ஐந்து வாரத்தை அவர்கள் கேட்கவில்லை.

11. கடைசிக் காகித வேலை

செலவுக் கோரிக்கையைச் சேவை முடிந்த 12 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த மனநிலையில் எளிதாக மறந்துபோகும். நான் பத்தாவது மாதம்தான் அந்தக் கவரைத் திறந்தேன். சரியாகக் கொடுத்தால் 7 முதல் 10 வேலை நாளில் வங்கிக்கு வந்துவிடும்.

கனமான வழக்குக்குப் பிறகு நீதிபதி சில ஆண்டுகளுக்கோ வாழ்நாளுக்கோ உங்களை ஜூரி சேவையிலிருந்து விடுவிக்கலாம். அப்படி விடுவித்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படி இல்லாவிட்டாலும், 2 ஆண்டுக்குள் மறுபடி கடிதம் வந்தால் விலக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணியாற்றிய தேதிகள் உள்ள தாளைத் தூக்கிப்போடாதீர்கள். என்னுடையது பாஸ்போர்ட்டுகளோடு அலமாரியில் இருக்கிறது.